வெனமஸ்: மயக்கத்தில் பிறந்த சொல்

கண்ணாடி விரியனுக்கும், கொட்டித் தீர்க்கும் நாக்குக்கும் ஆங்கிலத்தில் ஒரே அடைமொழி உண்டு: வெனமஸ், அதாவது நஞ்சுள்ள. பிரெஞ்சு வழியாக இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் லத்தீனில் நஞ்சைக் குறிக்கும் வெனேனும். அந்த வெனேனும் காதல் தெய்வமான வீனஸின் பெயரோடு ஒரே வேரில் பிறந்தது என்றும், ஒருவரை வசப்படுத்தக் கொடுக்கும் பானத்தையே முதலில் குறித்தது என்றும் சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆசைப்படுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து ஒரு கிளை தெய்வத்துக்குப் பெயராகிறது, இன்னொரு கிளை பாம்பின் பல்லுக்குப் போய்ச் சேர்கிறது. எவ்வளவு தூரம்!

தமிழர்களுக்கு இந்தத் தூரம் பெரிதாகத் தெரியாது. “அவ மருந்து வெச்சுட்டா” என்று வீட்டில் யாராவது முணுமுணுத்தால், அது காய்ச்சலுக்கான மருந்தில்லை என்று குழந்தைக்கும் தெரியும். சோற்றில் கலந்து ஆளை மடக்குவதாகச் சொல்லப்படும் இடுமருந்து அது. ரோமானியரின் வெனேனும் ஏறக்குறைய இதுதான்.

2ஆம் நூற்றாண்டின் ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் இந்தச் சொல்லில் ஒரு சிக்கலைக் கண்டார். வெனேனும் என்று சொல்பவர், நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மருந்துகளும் வெனேனும்தான் என்றார். சட்டத்தின் கண்ணுக்குப் பட்ட நுட்பம். நம் பேச்சு அந்த விதியை யாரும் சொல்லாமலே கைக்கொள்கிறது: எலிமருந்து, பூச்சிமருந்து, கைமருந்து, வெடிமருந்து. முன்னால் நிற்கும் சொல்தான் உயிர் போகுமா பிழைக்குமா என்று தீர்மானிக்கிறது.

மருந்து என்ற சொல் எவ்வளவு தூரம் விரியக்கூடும் என்பதைப் பர்மாவின் யாங்கோன் தெருக்களில் பார்க்கலாம். பர்மிய மொழியில் மருந்துக்கு ‘ஸே’ என்று பெயர். மருத்துவமனை ஸேயோன், அதாவது மருந்துக் கட்டடம். பூச்சிமருந்தும் ஸேதான். பச்சை குத்தும் மையின் பெயரிலும் ஸே இருக்கிறது. துணிக்கு ஏற்றும் சாயமும் சுவருக்கு அடிக்கும் வண்ணமும்கூட ஸே. சுருட்டுக்குப் பெயர் ஸேலெய். தெய்ங்ஜி சந்தைப் பக்கம், பழைய சூரத்தி பஜாரில், வேரும் பட்டையும் விற்கும் கடைகளில் குவிந்திருப்பதும் ஸே.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது சாயம். லத்தீன் கவிஞர்களும் வெனேனும் என்பதைச் சாயத்துக்கு ஆண்டிருக்கிறார்கள். கம்பளியின் நிறத்தை மாற்றும் ஊதாவும் அவர்களுக்கு வெனேனும். ஒன்றோடொன்று உறவே இல்லாத இரண்டு மொழிகள் மருந்தையும் சாயத்தையும் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றன. உள்ளே போய், அல்லது மேலே படிந்து, ஒரு பொருளின் இயல்பை மாற்றிவிடுகிற எதுவும் ஒரே இனம் என்று அந்த மனங்கள் கண்டிருக்க வேண்டும். உடம்பை மாற்றினால் மருந்து, மனத்தை மாற்றினால் வசியம், துணியை மாற்றினால் சாயம். கொல்வது இந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். ஆங்கிலம் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டது எனக்கு இழப்பாகவே தோன்றுகிறது.

பர்மிய மொழியில் மருந்தும் நஞ்சும் ஒரே பெயரில் சந்திக்கும் இடம் பாம்புக்கடி. பர்மிய வயல்களில் அறுவடைக்காரர்களைக் கடிப்பதில் முதலிடம் கண்ணாடி விரியனுக்கு. அதன் நஞ்சு நம் ஊர் விரியனின் நஞ்சிலிருந்து வேறுபட்டது. ஆகவே இந்திய முறிமருந்தை அப்படியே நம்ப முடியாது. யாங்கோனின் இன்செயின் பகுதியில் உள்ள அரசு மருந்துத் தொழிற்சாலை அந்த ஊர்ப் பாம்புக்கே முறிமருந்து செய்கிறது. குதிரைகளுக்கு நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பைப் பிரித்தெடுப்பது முறை. அந்த மருந்தின் பர்மியப் பெயரில் நஞ்சு ‘ஸெய்’, மருந்து ‘ஸே’. முன்னது தொண்டையில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கும், பின்னது நீண்டு ஓயும். வெளியூர்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும். யாங்கோன்காரர்கள் ஒருநாளும் மாற்றிக் கேட்பதில்லை.