0.852 சதவீதத்தில் தப்பிய ஹீலி

1981 செப்டம்பர் 27, பிரைட்டன். பிரிட்டன் தொழிற்கட்சியின் துணைத் தலைவர் தேர்தலில் இரண்டாம் சுற்று முடிந்தபோது ஸ்கோர் இது: டெனிஸ் ஹீலி 50.426, டோனி பென் 49.574. இடைவெளி ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆட்டத்தின் விதியே அந்த ஆண்டு ஜனவரியில்தான் மாறியிருந்தது. அதுவரை எம்.பி.க்கள் மட்டுமே வாக்களித்த தேர்தலில் தொழிற்சங்கங்களுக்கு 40, தொகுதிக் கிளைகளுக்கு 30, எம்.பி.க்களுக்கு 30 சதவீதம் என்று பங்கு பிரிக்கப்பட்டது. இடதுசாரிகள் போராடிப் பெற்ற மாற்றம் இது. அதில் முதலில் இறங்கி ஆடியவரும் அவர்களுடைய தலைவர் பென்தான்.

களப்பணியில் அவரை மிஞ்ச ஆளில்லை. தொகுதிகளின் 30 சதவீதத்தில் 24.327 அவருக்கு, முன்னாள் நிதியமைச்சர் ஹீலிக்குக் கிடைத்தது வெறும் 5.673. கட்சிக்காக வீடுவீடாகப் படியேறிய தொண்டர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

பிறகு எங்கே சறுக்கினார்? சங்கங்களில் ஹீலி 24.994, பென் 15.006. பொது ஊழியர் சங்கமான நியூப்பியின் தலைமை பென்னை விரும்பியது. ஆனால் உறுப்பினர்களைக் கேட்டபோது அவர்கள் ஹீலி என்றார்கள். தலைமையும் அதை ஏற்று வாக்கை ஹீலிக்கே அளித்தது. இந்தத் தேர்தலின் மிக நேர்மையான ஆட்டம் அதுவே. பிரம்மாண்டமான போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமோ தலைகீழாக நடந்துகொண்டது. உறுப்பினர்களிடம் நடத்திய கருத்தறிதல் ஹீலிக்குச் சாதகமாக இருந்தும், அதன் பிரதிநிதிகள் முதல் சுற்றில் மூன்றாவது வேட்பாளர் ஜான் சில்கினுக்கும், அவர் வெளியேறியதும் பென்னுக்கும் லட்சக்கணக்கான வாக்குகளை மொத்தமாகக் கொடுத்தார்கள். பென் அவ்வளவு நெருங்கி வந்ததில் இந்த வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எஞ்சியவர்கள் எம்.பி.க்கள். நீல் கின்னக்கும் இடதுசாரி ட்ரிப்யூன் குழுவைச் சேர்ந்த வேறு சிலரும் இரண்டாம் சுற்றில் யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஒரு எம்.பி.யின் வாக்குக்குச் சதவீதத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மதிப்பு. ஒதுங்கியவர்களில் ஐந்தாறு பேர் பென் பக்கம் போயிருந்தாலே முடிவு மாறியிருக்கும். பென் ஆதரவாளர்கள் இதைத் துரோகம் என்றார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் பழி முழுவதையும் கின்னக் மேல் போடுவது நியாயமல்ல. பென் முன்வைத்த வாதமே அதிகாரம் அடிமட்ட உறுப்பினருக்கு வேண்டும் என்பதுதான். கேட்கப்பட்ட இடத்தில் சங்க உறுப்பினர்கள் ஹீலியைத் தேர்ந்தார்கள் என்பதை அவரது அணி கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

1983 பொதுத் தேர்தலில் பென் தன் தொகுதியை இழந்தார். அதனால் அந்த ஆண்டு தலைவர் பதவிக்கு அவரால் நிற்கவே முடியவில்லை, கின்னக் வென்றார். சங்கத் தலைமை மொத்தமாக வாக்கை அள்ளிக் கொடுக்கும் முறை 1993இல்தான் திருத்தப்பட்டது. மறு ஆண்டு ஜான் பிரெஸ்காட், மார்கரெட் பெக்கெட்டைத் தோற்கடித்துத் துணைத் தலைவரானபோது சங்க உறுப்பினர்கள் தனித்தனியாக வாக்குச்சீட்டு பெற்றார்கள்.