எள் விழாத கூட்டம் எங்கே போகிறது?

தீபாவளிக்கு முந்திய இரவில் சிராங்கூன் சாலையை வருணிக்கச் சொன்னால், ‘எள் போட்டால் எள் விழாத கூட்டம்’ என்றுதான் பல மாணவர்கள் தொடங்குவார்கள். மரபுத்தொடர் சரிதான். ஆனா, அது இட நெருக்கத்தை மட்டும்தான் சொல்லுது. யார், எங்கிருந்து, எங்கே போறாங்க?

கணிதம் கேட்பதும் இதைத்தான். வெட்டிய மண்ணை நிரப்பும் இடங்களுக்குக் குறைந்த செலவில் கொண்டுபோவது எப்படி என்று 1781இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் ஆராய்ந்தார். எந்த மண் எந்தப் பள்ளத்துக்கு என்பதே அவர் கணக்கு. மனிதர்கள் என்று வரும்போது இன்னொன்றும் சேர்கிறது. ஆளாளுக்குத் தனக்குக் குறுகிய வழியைப் பிடித்தால் எல்லாருக்குமே தாமதமாகலாம். 1975இல் சிங்கப்பூர், காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்ததே, அதன் பின்னுள்ள கணக்கு இதுதான்: என் கார் உங்கள் நேரத்தையும் தின்கிறது.

மாணவர்களே, கட்டுரையில் அதைக் காட்டுங்க. மாவிலை வாங்க ஒருவர் நிற்கிறார். பின்னால் குழந்தையோடு வருபவரும் நிற்கிறார். நடைபாதை முழுதும் தயங்குகிறது. ஆசிரியர்களே, திருத்தும்போது மரபுத்தொடருக்கு மட்டும் சரி போட்டுவிடாமல், இந்த அசைவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குக்கும் ஒரு குறை உண்டு. தைப்பூசத்தன்று ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி எடுப்பவர் குறுக்கு வழி தேடுவதில்லை. நடப்பதே அவருடைய நேர்த்திக்கடன். அதைச் சூத்திரம் சொல்லாது, நீங்கதான் எழுதணும்.