நாயகனும் நாளைய கணக்குப் பரீட்சையும்

துடியலூர்ப் பட்டறைப் பையனிடம் ‘நாயகன்’ பாருப்பா என்றால், “சண்டையெல்லாம் இருக்குங்களாண்ணா?” என்பான். நிமிஷத்துக்கு நாலு தலை உருளும் படங்களில் வளர்ந்தவன், கேட்பான்தான்.

1987 தீபாவளிக்கு வந்த மணிரத்னத்தின் படம். அதன் முதல் பாதி இன்றும் அசையவில்லை. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் இருட்டை இருட்டாகவே விட்டார். தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவி, செட் என்றே தோன்றாது. இருவருக்கும் தேசிய விருது, கமலுக்கும்தான்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது நீலா வரும் இடத்தை. விபச்சார விடுதியில் தள்ளப்பட்ட பள்ளிக்கூடப் பெண். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்கிறாள். கமலின் வேலு நாயக்கர் அவளைப் படிக்க விட்டுவிடுகிறார். படத்தின் எந்தக் கத்திக்குத்தும் அந்தக் கேள்வி அளவுக்கு அடிவயிற்றைப் பிசைவதில்லை. நீலாவாக நடித்த சரண்யாவுக்கு அது முதல் படம் என்றால் நம்ப முடிகிறதா?

சாயம் வெளுத்த இடங்களும் உண்டு. படகில் நடக்கும் ஆட்டத்தை வெட்டினாலும் கதைக்கு நஷ்டமில்லை. மகன் சாவில் ‘காட்ஃபாதர்’ நிழல் அப்பட்டம். நாயகனின் துயரத்துக்காகவே நீலாவைச் சாகடித்தது எனக்கு இன்றும் உறுத்தல்.

ஆனால் மகள் சாருமதி இருக்கிறாளே! ஊர் கும்பிடும் அப்பாவின் முகத்துக்கு நேரே, நீங்கள் செய்வது கொலை என்கிறாள். படம் அவள் வாயை அடைக்கவில்லை. இப்போதைய ரவுடிப் படங்களில் அப்படியொரு மகளை இரண்டாவது சீனிலேயே வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள்.