முதுகில் பட்ட விழுப்புண்

பண்டைத் தமிழர் போர்நெறியில் புண் இருவகைப்படும். முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண்; அது வீரனுக்குப் பெருமை. முதுகில் பட்டது புறப்புண், அது இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகுவரை ஊடுருவியது. முதுகில் தோன்றிய அப்புண்ணைப் புறப்புண்ணாகவே கருதி நாணிய அம்மன்னன் வடக்கிருந்து உயிர்விட்டான். மாணவர் நன்கறிந்த புறநானூற்றுச் செய்தி இது. புண் பட்ட இடத்தைக் கொண்டே வீரத்தை அளந்தது அம்மரபு.

அம்மரபைக் கற்ற ஒருவர், கிரிக்கெட் ஆட்டத்தின் அதிவேகப் பந்துவீச்சாளர்களுடைய வாழ்க்கையைப் படிக்கப் புகுந்தால் வியப்பே அடைவார். அவர்களுள் பலர் புண்பட்டது முதுகில்தான். ஆயினும் அவர்கள் புறங்காட்டியவர் அல்லர். எதிரியின் கருவியும் அவர்கள்மேல் பட்டதில்லை. எதிரியை நோக்கி முழு விரைவில் ஓடிச் சென்று, பந்தை விடுத்த அந்தக் கணத்தில், தம் செயலாலேயே முதுகெலும்பில் முறிவு கண்டவர்கள் அவர்கள். அப்புண்ணை எவ்வகையில் சேர்ப்பது? இவ்வினாவுக்கு விடை காண முயன்றால், அதிவேகப் பந்துவீச்சை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலும் உடன் கிடைக்கும்.

களிப்பின் இயல்பு

கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம். ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கடினமான பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் விரைவில் வீசப்பட்டால், அது மட்டையாளரை அடைய அரை நொடிகூட ஆகாது. அதற்குள் அவர் பந்தைக் கண்டு, அது விழும் இடத்தைக் கணித்து, காலை நகர்த்தி, மட்டையை ஓங்கவும் வேண்டும். தவறினால் ஒதுங்கவும் வேண்டும். 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில், கேப்டவுன் நகரில், பாகிஸ்தானின் சோயிப் அக்தர் வீசிய பந்து ஒன்று மணிக்கு 161.3 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று. இவ்விரைவில் அறிவு சிந்திப்பதற்கு இடமில்லை. உடலே சிந்திக்க வேண்டும். பார்வையாளர் மூச்சடக்கிப் பார்ப்பது இதனாலேயே.

இக்களிப்பினுள் அச்சமும் கலந்திருக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. 1933ஆம் ஆண்டு அடிலெய்டு டெஸ்ட் ஆட்டத்தில் இங்கிலாந்தின் ஹெரால்ட் லார்வுட் வீசிய பந்து ஆஸ்திரேலியத் தலைவர் உட்ஃபுல்லின் நெஞ்சைத் தாக்கியது. அதே ஆட்டத்தில் ஓல்ட்ஃபீல்டின் மண்டையோடு பிளவுண்டது. 2014ஆம் ஆண்டு சிட்னியில் கழுத்தருகே பந்து தாக்கியதால் ஃபிலிப் ஹியூஸ் என்னும் இளம் மட்டையாளர் உயிரிழந்தார். அவ்வாறு தாக்கியது அதிவேகப் பந்தும் அன்று. ஆதலால் மட்டையாளர் ஏற்கும் இடரை உலகம் ஓரளவு அறிந்தே இருக்கிறது. பந்தை வீசுபவர் ஏற்கும் இடர்தான் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீசுபவரின் களிப்பு எத்தகையது? இதற்கு வாக்குமூலம் போல் அமைந்தது ஃபிராங்க் டைசன் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்று நூல். டைசன் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். கவிதையில் தோய்ந்த உள்ளம் அவருடையது. வேகமாக வீசுவதை ஒரு தொழிலாகவோ உத்தியாகவோ அவர் எழுதவில்லை. உடல் தன் வலிமையைத் தானே நுகரும் இன்பமாக எழுதினார். பிறரைவிடத் தாம் உயர்ந்தவர் என்னும் எண்ணம் அவ்வின்பத்தில் ஒளிந்திருப்பதையும் ஒப்புக்கொண்டார். விளையாட்டு வீரர் நூல்களில் காணும் பணிவுரைகளினும் இவ்வொப்புதல் மதிப்புடையது. தம் கலையின் அழகை மட்டுமன்றி அதன் செருக்கையும் அறிந்தவரே அதனைப் பற்றி உண்மை எழுத வல்லவர்.

ஒரே வேர்

களிப்பு இவ்வாறிருக்க, துன்பம் எங்கிருந்து வருகிறது? பந்துவீச்சாளர் நெடுந்தூரம் ஓடி வருகிறார். ஓட்டத்தின் விரைவனைத்தையும் உடலில் சேர்த்துக்கொண்டு பாய்கிறார். முன்கால் தரையில் ஊன்றும்போது அவ்விரைவு திடீரென்று தடுக்கப்படுகிறது. அவர் உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட விசை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. கால் வளையாமல் கோல்போல் நின்றால் தடுக்கப்பட்ட விசை இடுப்பு வழியாக மேலேறித் தோளுக்கும் கைக்கும் சென்று பந்தில் பாயும். கால் மடிந்தால் விசை வீணாகும். எனவே மிகு விரைவு வேண்டுவோர் காலை மடிக்கலாகாது. அதே நொடியில் முதுகு பின்னுக்கு வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பவும் செய்கிறது. இம்மூன்று இயக்கமும் ஒருங்கே அழுத்துவதால் கீழ்முதுகெலும்பில், பந்துவீசும் கைக்கு எதிர்ப்புறத்தில், மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகிறது. ஒரு நாளில் உண்டாகும் முறிவன்று இது. ஆயிரம் பந்துகளின் கூட்டுத்தொகை.

இதில் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. விரைவைத் தரும் அசைவும் எலும்பை வெடிக்கச் செய்யும் அசைவும் ஒன்றே. இன்பம் ஒரு கிளையாகவும் துன்பம் மற்றொரு கிளையாகவும் ஒரே வேரிலிருந்து எழுகின்றன. “இன்னும் கவனமாக இருந்திருந்தால் நெடுங்காலம் ஆடியிருப்பாரே” என்று இரங்குவோர் இவ்வேரைக் காணாதவர். கவனம் ஓரளவு காக்கும் என்பது உண்மைதான். ஆனால் இடரை முற்றிலும் நீக்கினால் விரைவும் உடன் நீங்கிவிடும்.

சூறாவளியின் ஆயுள்

டைசனுக்கு உலகம் வைத்த பட்டப்பெயர் சூறாவளி. புகழ்ச்சியாகச் சூட்டப்பட்ட அப்பெயரே அவர் வாழ்க்கைக்கு உரையாகவும் அமைந்துவிட்டது. 1954ஆம் ஆண்டு பிரிஸ்பேனில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் அவர் 160 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெட்டை எடுத்தார். இங்கிலாந்து படுதோல்வி அடைந்தது. அதன்பின் அவர் தம் ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டார். சிட்னியில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் மட்டை பிடித்து நின்றபோது லிண்ட்வாலின் பந்து தலையில் தாக்கியதால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். திரும்பி வந்தவர் இறுதி இன்னிங்சில் 85 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இங்கிலாந்து 38 ஓட்டங்களில் வென்றது. அடுத்து மெல்பர்னில் 27 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகள். அத்தொடரில் அவர் எடுத்தவை 28 விக்கெட்டுகள்.

ஆனால் அச்சிகரத்தில் அவர் நெடுநாள் நிற்கவில்லை. காயங்கள் தொடர்ந்தன, அவருடைய கவுண்டியான நார்த்தாம்டன்ஷயரின் மந்தமான ஆடுகளங்களும் அவருடைய உழைப்பை உறிஞ்சின. 1960ஆம் ஆண்டு, 30 வயதில், ஓய்வு பெற்றார். மொத்தம் 17 டெஸ்ட் ஆட்டங்கள், 76 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 18.56 ஓட்டங்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவர், மெல்பர்ன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். எந்த மண்ணின் மட்டையாளரை அஞ்ச வைத்தாரோ அந்த மண்ணின் பிள்ளைகளுக்கே பாடம் கற்பித்தார். 2015இல் மறையும்வரை அந்நாடே அவருக்குத் தாயகமாயிற்று.

எண்ணிக்கையால் மதிப்பிடுவோருக்கு 76 என்பது சிறு தொகை. நியூசிலாந்தின் ஷேன் பாண்டு 18 டெஸ்ட் ஆட்டங்களில் எடுத்த 87 விக்கெட்டுகளும் அவ்வாறே தோன்றும். அவர் முதுகு அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பியும் உடல் அவருக்கு நீண்ட காலம் தரவில்லை. இத்தகையோரைத் ‘தொடங்கி முடியாதவர்’ என ஒதுக்குவது திறனாய்வு ஆகாது. இருபத்தொன்பது ஆண்டே வாழ்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைப் பாடல்களின் எண்ணிக்கையால் எவரும் அளப்பதில்லை. கலையில் நீளத்துக்கு ஓர் அளவுகோல் உண்டென்றால், உயரத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு.

ஏவியவர் யார்?

எனினும், எரிந்து அணைவதே அழகு என்று போற்றுவதும் பிழையாகும். அப்போற்றலுக்குப் பின்னால் பிறருடைய குற்றம் எளிதில் மறைந்துகொள்ளும். லார்வுட்டின் வரலாறு இதற்குச் சான்று.

லார்வுட் நாட்டிங்ஹம்ஷயரின் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவயதிலேயே வேலைக்குச் சென்றவர். 1932–33ஆம் ஆண்டுத் தொடரில் அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின் வகுத்த திட்டப்படி, மட்டையாளரின் உடலை நோக்கி எழும்பும் பந்துகளை வீசி 33 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். சிட்னியில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவருடைய இடக்கால் பாதத்தில் எலும்பு முறிந்தது. அவர் களத்தைவிட்டு வெளியேற இசைவு கேட்டார். பிராட்மன் ஆட்டமிழக்கும்வரை வெளியேறலாகாது என்று ஜார்டின் தடுத்தார். வீச இயலாதவரை வெறுங்காட்சியாகவேனும் களத்தில் நிறுத்துவது எதிரியை அச்சுறுத்தும் என்பது தலைவரின் கணக்கு. பிராட்மன் ஆட்டமிழந்தபின் அவரும் லார்வுட்டும் ஒன்றாகவே களத்தைவிட்டு நடந்தனர். இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை.

அதன்பின் லார்வுட் இங்கிலாந்துக்காக ஆடவே இல்லை. தலைவரின் ஆணையை நிறைவேற்றிய அவரிடம் மன்னிப்பு எதிர்பார்க்கப்பட்டது, அவர் மறுத்துவிட்டார். ஆணையிட்ட ஜார்டினோ அதன்பிறகும் நாட்டின் அணிக்குத் தலைமை தாங்கினார். 1950ஆம் ஆண்டு லார்வுட் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறினார். அவர்மீது சினங்கொண்டிருந்த நாடே அவரை வரவேற்று வாழவைத்தது. பாதத்தில் பட்ட புண் அவருடைய செயலின் விளைவு. களத்தில் நிறுத்தப்பட்டதும் பின்னர் கைவிடப்பட்டதும் பிறர் செய்த செயல். இவ்விரண்டையும் பிரித்தறியாத திறனாய்வு, தியாகத்தைப் பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு கொடுமையைப் பாராட்டிவிடும்.

முறிந்தவர் கற்பித்த பாடம்

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி மூன்றாவது வகைச் சான்று. 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது அவருடைய கீழ்முதுகெலும்பில் வெடிப்புகள் ஏற்பட்டன. உடலைச் சுற்றிக் கட்டிய மாவுக்கட்டோடு அவர் வாரக்கணக்கில் கிடந்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது என்றே பலர் கருதினர். அவரோ உடற்பயிற்சி அறிஞர்களின் துணையோடு உடலைப் படிப்படியாகத் திருத்தி அமைத்தார். 1974–75ஆம் ஆண்டுத் தொடரில் ஜெஃப் தாம்சனோடு இணைந்து இங்கிலாந்தை நிலைகுலையச் செய்தார். 1984இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 355 விக்கெட்டுகள் இருந்தன. அந்நாளில் அது உலகச் சாதனை.

அவர் பெற்ற அறிவு அவரோடு முடியவில்லை. 1987ஆம் ஆண்டு சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் பயிற்சித் தலைமையை ஏற்றவர் லில்லியே. 2012வரை, கால் நூற்றாண்டுக் காலம், அவர் அங்கு வந்து இளைஞர்க்குக் கற்பித்தார். ஜவகல் ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் அந்நிலையத்தில் பயின்றவர்கள். தம் முதுகு முறிந்ததன் காரணத்தை அறிந்த ஒருவர், பிறர் முதுகு முறியாமல் விரைவைப் பெறும் வழியைக் கற்பித்தார். புண்ணைப் பதக்கமாக அணிந்துகொள்வதினும் அதனைப் பாடமாக்குவது உயர்ந்தது என்பதற்கு அச்சென்னைக் களம் சான்று.

இன்று இளையோர் எலும்பு முற்றுவதற்கு இருபது வயதைக் கடந்தும் சில ஆண்டுகள் ஆகும் என்பது அறியப்பட்டுள்ளது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் இளம் வேகப்பந்து வீச்சாளர் தொடர்ந்து வீசக்கூடிய ஓவர்களும் ஒரு நாளில் வீசக்கூடிய ஓவர்களும் வயதுக்கேற்ப வரையறுக்கப்பட்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011இல், 18 வயதில், தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே ஓர் இன்னிங்சில் 6 விக்கெட்டுகளை எடுத்தார். முதுகெலும்பு வெடிப்பு முதலிய காயங்களால் அடுத்த டெஸ்ட் ஆட்டத்தை 2017இல்தான் ஆடினார். அவசரப்படுத்தாது காத்திருந்ததன் பயனாக அவர் பின்னர் 300க்கு மேற்பட்ட டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தார். நாட்டின் அணிக்கும் தலைமை தாங்கினார்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். அதிவேகப் பந்துவீச்சாளரின் முதுகில் பட்ட புண், அவர் தாமே அறிந்து, தாமே விரும்பி ஏற்ற செயலின் விளைவாயின், அது விழுப்புண்ணே. பட்ட இடம் முதுகாயினும் அவர் முகம் எதிரியை நோக்கியே இருந்தது. ஆனால் அறியாப் பருவத்து இளைஞனை அளவின்றி வீசச் செய்ததால் பட்ட புண்ணும், ஓய்வு கேட்டவரை மறுத்து நிறுத்தியதால் முற்றிய புண்ணும் அவருடைய புண்கள் அல்ல. அவை ஏவியவர் பெற்ற புறப்புண்கள். அங்கே நாண வேண்டியவர் களத்தில் வீழ்ந்தவர் அல்லர். பின்னால் நின்று ஏவியவரே.

இவ்வேறுபாடு ஆடுகளத்தோடு நிற்பதன்று. மாணவனின் அரிய ஆற்றலைக் கண்டு மகிழும் ஆசிரியர், அதனை எத்துணை விரைவில் உலகுக்குக் காட்டலாம் என எண்ணுவது இயல்பே. அவ்வாற்றலைத் தாங்கி நிற்கும் உடலும் உள்ளமும் முற்றிவிட்டனவா என்பதையும் உடன் எண்ணிப் பார்ப்பவரே நல்லாசிரியர்.