எலும்பு முறிவும் லேசர் ஒளியும்: ஒரு மதிப்பீடு

தொடை எலும்பு முறிந்த தம் தந்தைக்கு லேசர் ஒளிச் சிகிச்சை செய்யலாமா என்று அண்மையில் என் மாணவர் ஒருவர் வினவினார். கம்பி வைத்து அறுவை முடிந்துவிட்டது. எலும்பு விரைந்து கூடுவதற்காகப் பத்து முறை ஒளி பாய்ச்சிக்கொள்ளுமாறு எவரோ சொன்னார்களாம், கட்டணமும் சிறிதன்று. இயற்பியல் ஆசிரியன் மருத்துவம் சொல்லலாகாது. ஆனால் ஒளி உடலுக்குள் எவ்வளவு ஆழம் செல்லும் என்பது இயற்பியல் வினாவே.

முதல் ரூபி லேசரைத் தியோடர் மைமன் 1960ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினார். 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், மயிர் மழித்த சுண்டெலிகளின் முதுகில் திறன் குறைந்த ரூபி லேசர் ஒளியைப் படச் செய்தார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது. இதுவே இச்சிகிச்சையின் தொடக்கம்.

இது திசுவைச் சுட்டு வெட்டும் அறுவை லேசர் அன்று. 50 மில்லிவாட் கருவியை 100 நொடி பிடித்தால் கிடைப்பது 5 ஜூல் ஆற்றல். உச்சிவெயில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு ஒரு நிமிடத்தில் தருவதும் ஏறக்குறைய 6 ஜூலே! எனினும் அளவு சிறியது என்பதற்காக விளைவே இராது என்று கூறிவிட முடியாது. உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உட்கவர்ந்து ஆற்றல் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பது கருதுகோள். இது ஆராயத்தக்கதே, ஐயமற நிறுவப்பட்டதன்று.

எலிகளின் கால் எலும்பில் செய்த ஆய்வுகள் பல, தொடக்க வாரங்களில் புதிய எலும்பு கூடுதலாக உருவானதாகக் கூறுகின்றன. வேறு சில ஆய்வுகள் வேறுபாடு எதையும் காணவில்லை. அலைநீளமும் ஒளியின் அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன.

இனி நாமே ஒரு கணக்குப் போடுவோம். திசுவில் ஒளி சிதறியும் உட்கவரப்பட்டும் குறைகிறது. அகச்சிவப்பு ஒளி சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை 37 விழுக்காடாகக் குறையும். அந்தத் தொலைவை 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். எலியின் கால் எலும்பின்மேல் 2 மில்லிமீட்டர் தசை இருந்தால், பாதி ஒளி எலும்பை எட்டும். மனிதத் தொடையில் 3 சென்டிமீட்டர் தசையைக் கடந்தால்? ஏறக்குறைய 22,000இல் ஒரு பங்கே எட்டும்! எலியின் எலும்பு பெற்ற 2.5 ஜூலை மனித எலும்புக்கும் தர வேண்டுமானால், அதே கருவியை இரவு பகலாகப் பன்னிரண்டு நாளுக்கு மேல் பிடித்திருக்க வேண்டும்.

ஒளியின் அளவு குறைந்தாலும் பயனில்லை, மிகுந்தாலும் பயனில்லை என்று இச்சிகிச்சையை ஆதரிப்போரே கூறுகின்றனர். அப்படியானால் எலும்பை எட்டும் அளவையன்றோ அவர்கள் முதலில் சொல்ல வேண்டும்? கருவியில் குறித்திருப்பது தோலின்மேல் விழும் அளவு மட்டுமே. பயன் கிடைத்தால் ஒளியின் வெற்றி, கிடைக்காவிட்டால் அளவில் தவறு என்று வாதிட்டால், அந்தக் கொள்கையை எந்தச் சோதனையாலும் பொய்ப்பிக்க இயலாது.

மற்றொன்றும் கருதத்தக்கது. முறிந்த எலும்பைச் சரியாகப் பொருத்தி அசையாமல் வைத்தால், பெரும்பாலும் அது தானே கூடும். முதலில் குருதி உறையும்; பின்பு குருத்தெலும்பு போன்ற இணைப்பு தோன்றும்; அது கெட்டியாகி எலும்பாகும். இந்த மாதங்களில் எந்த விளக்கைக் காட்டினாலும் விளக்குக்கே பெயர் கிடைக்கும். ஆகவே உண்மை ஒளி பெற்றோரையும் போலி ஒளி பெற்றோரையும் ஒப்பிட்டே தீர வேண்டும்.

இதற்குச் சான்று கேளா ஒலிச் சிகிச்சை. எலும்பு முறிவுக்கான அத்தகைய கருவிக்கு 1994இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. 2016இல் வெளியான ஆய்வில், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த 501 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு உண்மைக் கருவியும் மறு சாராருக்குப் போலிக் கருவியும் தந்தார்கள். எலும்பு கூடுவதிலோ நடமாட்டத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. கருவி சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்பே இந்த விடை!

லேசர் ஒளி முற்றிலும் பயனற்றது என்பது என் முடிவன்று. புற்றுநோய்ச் சிகிச்சையால் உண்டாகும் வாய்ப்புண்ணைத் தடுக்க அதனைப் பயன்படுத்தலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழுவினரே பரிந்துரைத்துள்ளனர். வாய்ப்புண் இருப்பது மேற்பரப்பில். அங்கே ஒளி தடையின்றிச் சேர்கிறது. தாடை, விரல் போன்ற ஆழமில்லா எலும்புகளிலும் முறையான ஆய்வுகள் தொடரட்டும். ஆனால் ஆய்வு முடியுமுன் கட்டணம் வாங்குவது அறிவியலாகாது.

மாணவரிடம் இதைத்தான் சொன்னேன்: “அறுவை செய்த மருத்துவர் குறித்த நாளில் தந்தையைத் தவறாமல் அழைத்துச் செல். ஒளிச் சிகிச்சை சொன்னவரிடம், ‘இந்த ஒளியில் எவ்வளவு எலும்பைச் சேரும்?’ என்று மட்டும் கேள்.” விடை எண்ணாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். எண் வராவிட்டால் பணம் கையிலேயே இருக்கட்டும்.