நாற்பத்தைந்தின் சுகம்

ஆக்டேவியாவோ ஜெட்டாவோ, கூடவந்த 205/55 R16 டயர்களின் பட்டன் தேய்ந்து மாற்ற வேண்டிய காலம் வந்ததும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் கண்ணுக்கு அழகு என்று 225/40 R18-க்குத் தாவுகிறார்கள். மற்றொரு சாரார் கம்பெனி கொடுத்த அளவே வேதவாக்கு என்று இருந்துவிடுகிறார்கள். இவ்விரு கட்சிக்கும் நடுவே, அதிகம் பேசப்படாமல் இருக்கும் 225/45 R17தான் இந்த வண்டிகளுக்கு உத்தமமான அளவு என்பது என் திடமான அபிப்பிராயம். மரக்காணத்து உப்பளங்களை ஊடறுத்துப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

வெளிவிட்டத்தில் மூன்றுக்கும் பெரிய பேதமில்லை: 632, 634, 637 மில்லிமீட்டர், ஸ்பீடாமீட்டர்கூட இதைப் பொருட்படுத்தாது. பேதமெல்லாம் பக்கச்சுவரின் உயரத்தில் இருக்கிறது. பதினாறில் அது 113 மில்லிமீட்டர், பதினேழில் 101, பதினெட்டில் 90. ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்துக்கும் வண்டியின் மூக்கு திரும்பும் கணத்துக்கும் இடையே ரப்பர் சற்றே வளைந்து, பாரத்தை வெளித்தோளின் மேல் வாங்கிக்கொண்டு, பிடிப்பின் எல்லை நெருங்குவதைக் கைக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறதே, அந்த ஒரு செய்திக்காகத்தான் நான் இவ்வளவும் சொல்கிறேன். 113-இல் அச்செய்தி மந்தமாக, காலங்கடந்து வருகிறது. 90-இல் மின்னல்போல் வந்தாலும், சாலைப் பணிக்காகக் கொத்திப்போட்ட பள்ளம் ஒன்று குறுக்கிட்டால் செய்தியோடு அலாய் வீலின் விளிம்பும் போய்விடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்புகிறவன் எப்படி ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல் நிறுத்துகிறானோ, அப்படி நிறுத்திய அளவு 101.

அகலத்தை இன்னும் கூட்டி 235, 245 என்று போகிறவர்களிடம் ஐப்பசி, கார்த்திகையை நினைவூட்ட விரும்புகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது இந்தப் பகுதி பட்ட பாட்டை அறியாதவர் இல்லை. புயலே இல்லாத சாதாரண வடகிழக்குப் பருவமழையிலும் கழுவேலியை ஒட்டிய தாழ்வுகளில் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. 1960-களில் நாஸா விமான டயர்களைச் சோதித்து வகுத்த சூத்திரப்படி, 32 பவுண்டு காற்றுள்ள டயர், தன் பட்டன் பள்ளங்கள் நிரம்பி வழியுமளவு தண்ணீர் தேங்கிய சாலையில், ஏறக்குறைய 94 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதக்கத் தொடங்கிவிடும். அகலம் கூடக்கூட ஒதுக்கித்தள்ள வேண்டிய நீரும் கூடுகிறது. 1.6 மில்லிமீட்டர் அடையாளம் தெரியும்வரை காத்திருப்பது சட்டத்துக்குச் சரியாக இருக்கலாம். இந்தக் கடற்கரைக்கு 3-இலேயே மாற்றிவிடுவதுதான் விவேகம்.

வகை என்று வந்தால் நான் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4-இன் பட்சம். அதன் தேய்மான எண் 320. இரண்டு மடங்கு உழைக்கும் சொகுசு டயர்கள் இருக்கின்றன என்று நண்பர்கள் வாதிப்பது நியாயமே. ஆனால் ஈரத்தில் பிரேக்கை அழுத்தும்போது அந்த மிருதுவான ரப்பர் தரும் தைரியத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளக்க முடியுமா? சுதேசி அபிமானமும் எனக்கு உண்டு. 1946-இல் திருவொற்றியூர்க் கொட்டகையொன்றில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பந்தயப் பாதைவரை வளர்ந்ததை நினைத்தால் பெருமையாகவே இருக்கிறது. சோழவரத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்த நாட்களில், வெற்றி பெற்றவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். நானோ வண்டிகளின் டயர்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். தேய்ந்த தோளின் நிறத்தையும் சொரசொரப்பையும் கொண்டே ஓட்டியவரின் குணத்தைச் சொல்லிவிடக்கூடிய மெக்கானிக்குகள் அப்போது இருந்தார்கள்.

அந்த வித்தை இப்போது அருகி வருகிறது. முன்பெல்லாம் டயர்க்கடைப் பெரியவர் புது டயரை எடுத்துவரும் முன், பழையதன்மேல் உள்ளங்கையை இருபுறமும் ஓட்டி, ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் அரமும் தட்டுப்பட்டால், "முதல்ல அலைன்மென்ட் பாருங்க, தம்பி" என்று சொல்லிவிடுவார். இன்று பல இடங்களில் அளவையும் விலையையும் தவிர வேறு பேச்சே இல்லை. 91-க்குக் குறைந்த பார எண் வேண்டாம் என்றால் விழிக்கிறார்கள். பக்கச்சுவரில் வாரத்தையும் வருஷத்தையும் குறிக்கும் நான்கு இலக்கத்தைக் குனிந்து படித்தால் சந்தேகப் பிராணியைப் போல் பார்க்கிறார்கள். இரண்டே டயர் வாங்குகிறவருக்குப் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும் என்று எடுத்துச் சொல்வாரும் இல்லை. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம், பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

எல்லாவற்றிலும் அதிகமாக அலட்சியம் செய்யப்படுவது வீலின் உள்விளிம்பு. உப்புக்காற்றில் நிற்கும் வண்டியின் அலாய், டயர் பொருந்தி அமரும் இடத்தில் வெண்மையாகப் பூத்து, பஞ்சர் எங்கே என்று தெரியாதபடி வாரத்துக்கு மூன்று நான்கு பவுண்டு காற்றை இறக்கிவிடும். பழைய டயரைக் கழற்றியவுடன் அந்தப் பூப்பைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, வால்வையும் மாற்றிய பிறகே புதியதை ஏற்ற வேண்டும். கால் மணி நேர வேலை. அதைச் செய்யாத கடையில், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் நான் டயர் மாற்றுவதில்லை.