கோணல் கம்பியின் அழகு

யாரோ பொழுதுபோகாமல் வளைத்துப் போட்ட கொண்டை ஊசி போலத்தான் அது இருக்கும். சமச்சீர் கிடையாது. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் ஒட்டுறவே தெரியாது. 2006 மார்ச்சில் நாசா ஏவிய எஸ்டி5 என்ற மூன்று குட்டிச் செயற்கைக்கோள்களில் அது பறந்தது. கணினிக்குள் பரிணமித்து விண்வெளிக்குப் போன முதல் ஆண்டெனா. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்து ஜேசன் லோன், கிரெகரி ஹார்ன்பி ஆகியோரும் டெரெக் லிண்டனும் சேர்ந்து செய்த வேலை இது. கம்பியின் வடிவத்தை அவர்கள் வரையவில்லை. ‘இவ்வளவு தூரம் முன்னே போ, இந்த அச்சில் இவ்வளவு திரும்பு’ என்ற கட்டளைக் கோவைதான் மரபணு. கோவை கம்பியாக வளரும். மின்காந்தக் கணக்குப் போடும் மென்பொருள் அதற்கு மதிப்பெண் தரும். தேறியவை கலந்து, கொஞ்சம் பிறழ்ந்து, அடுத்த தலைமுறை பிறக்கும்.

கலை இருப்பது அந்த மதிப்பெண்ணில்தான் என்பேன். 8470 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். மில்லிமீட்டர் பிசகினாலும் குணம் மாறும். அதனால் ஒவ்வொரு கம்பியையும் வேண்டுமென்றே லேசாக நெளித்தும் சோதித்தார்கள். பட்டறையில் வளைக்கும் கை சற்றுத் தவறினாலும் தாங்குகிற வடிவமே பிழைத்தது. கணக்கில் மட்டும் ஜொலிக்கும் கம்பிகள் அங்கேயே உதிர்ந்தன. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது. தேடியது கணினியாக இருக்கலாம். தேர்ந்த கண் மனிதருடையது.

ஆரம்பத்தில் கிளைவிட்ட வடிவம் ஒன்று வந்தது. வழக்கமான முறையில் வடிவமைத்த நான்கிழைச் சுருள் ஆண்டெனாக்கள் இரண்டைச் சேர்த்து அளந்தபோது செயல்திறன் 38 சதவீதம். கிளைக்கம்பிகள் இரண்டுக்கு 93. அதற்குள் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையையே மாற்றிவிட்டார்கள். தலைக்கு நேர் மேலேயும் சமிக்ஞை போயாக வேண்டும். பழைய வடிவம் உதவாது. கையால் வடிவமைப்பவருக்கு இது இடி. இவர்களோ மதிப்பெண் விதியைத் திருத்தி, மறுபடி ஓடவிட்டு, ஒரு மாதத்துக்குள் புது மாதிரியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

அந்த இரண்டாவதுதான் என் மனம் கவர்ந்தது. கிளையே இல்லை, அடியிலிருந்து நுனிவரை ஒற்றைக் கம்பி. ஒவ்வொரு திருப்பமும் மற்ற எல்லாத் திருப்பங்களோடும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. இந்த வளைவு எதற்கு என்று தனியாகக் காட்டி விளக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. ஒன்றை நிமிர்த்தினாலோ மொத்தமும் கெடும்.